எட்டு ஜிபி விஞ்ஞானி

முதலாளியின் மச்சினனுக்கு ஸ்டுடியோவில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் விஞ்ஞானி. அது அவனுக்கும் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தாறு வயது, அக்கா புருஷன் தயவில் ஒரு சுழல் நாற்காலி, அதில் சாய்ந்தபடியே எந்த மெஷினையும் தொடாமல் குறை சொல்லும் வாய். பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டால் மட்டும் ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

எடிட்டருக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பதினேழு வருடமாக ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஆட்டி ஆட்டி எடுத்த படத்தையெல்லாம் ஒட்டுப் போட்டு உருப்படியாக்குகிறவள் அவள். அவளிடம் ஒருநாள் கூட அவன் எதையும் கேட்டதில்லை. சொல்லத்தான் வருவான். இரண்டு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, அவள் தொழிலை அவளுக்கே விளக்குவான்.

அந்த மாதம் கையில் இருந்தது ஒரு வௌவால் படம். ஆராய்ச்சியாளர் ஒருவர் இரண்டு வருடம் குகைக்குள் கிடந்து தானே எடுத்தது. மூன்று வாரத்தில் அவருடைய துறைக்காரர்கள் கூடும் மாநாட்டில் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். வேலை பாதியில் இருக்கும்போது எடிட்டரின் கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டு கருகல் வாசனை விட்டு உயிரை விட்டது.

அவள் முதலாளியிடம் போனாள்.

"புதுசு வாங்கணும் சார். நாய்ஸ் எடுக்கணும்."

"வௌவால் படத்துல நாய் எங்கம்மா வந்துச்சு?"

வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். பதினேழு வருடமாகப் படத் தொழில் நடத்துகிற மனிதர்!

"நாய் இல்ல சார், நாய்ஸ். இருட்டுல எடுத்ததால படம் முழுக்கப் புள்ளி புள்ளியா கொதிக்குது. சாஃப்ட்வேர் அதைத் துடைச்சு எடுக்கும். அதுக்கு கார்டுல மெமரி நிறைய வேணும். வேகம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்ல. பதினாறு ஜிபி வேணும்."

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை அவள். முந்தின நாள் தெரிந்தவர் ஒருவரின் எடிட்டிங் அறைக்கு வௌவால் படத்தில் ஒரு துண்டைக் கொண்டுபோய், அங்கிருந்த இரண்டு மெஷினிலும் ஓட்டிப் பார்த்திருந்தாள். எட்டு ஜிபி கார்டு எடுத்த எடுப்பில் மூச்சு முட்டி நின்றது. பதினாறு நிதானமாக நடந்து முடித்தது.

"சரிம்மா. எதுக்கும் மாப்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றார் முதலாளி. அவள் சொன்ன எண் அந்த வாக்கியத்தோடு அவர் காதிலிருந்து இறங்கிப் போய்விட்டது.

மறுநாள் விஞ்ஞானி எடிட்டிங் அறைக்கு வந்து நின்றான். கையில் போன், போனில் ஒரு கார்டின் படம்.

"அக்கா, இதப் பாருங்க. மூணு ஃபேன். கேம்ல போட்டா சும்மா பறக்குது. எட்டு ஜிபி. நமக்கு எட்டு போதும்ல?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். 'போதாது' என்ற ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த 'நமக்கு' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த அறையில் இவனுக்கு என்ன நமக்கு? அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியாததா தம்பி?"

அவன் பூரித்துப் போய்க் கிளம்பினான். வாங்கி வந்து முழிக்கட்டும் என்று அவள் நினைத்தாள். அன்றைக்கு அந்த நினைப்பு இனிப்பாகத்தான் இருந்தது.

கார்டு வந்தது. மெஷின் பெட்டிக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டிருந்ததால் பக்கத்து மூடியைப் போட முடியவில்லை. "காத்தோட்டம் அக்கா" என்று சொல்லி மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தான். ஸ்விட்சைப் போட்டதும் சிவப்பு, பச்சை, ஊதா என்று கார்டு முழுக்க விளக்கு எரிந்தது. நிறம் பார்க்கும்போது கண் ஏமாறக் கூடாது என்பதற்காகவே சாம்பல் பூசி வைத்திருந்த சுவரில் வானவில் ஓடியது. திரையில் தொங்கிய வௌவால் ரோஸ் நிறமாகி, பிறகு கிளிப் பச்சையானது. எடிட்டர் எழுந்து, கருப்புத் தாளை வெட்டி விளக்குகளின் மேல் ஒட்டினாள்.

நாய்ஸ் எடுக்க விட்டாள். மூன்றாவது நிமிடத்தில் நின்றது. மெமரி போதவில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

விஞ்ஞானி வைத்தியத்தைத் தொடங்கினான். கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி போட்டான். சாஃப்ட்வேரைக் கழற்றி மாட்டினான். கேபிள் சரியில்லை என்றான், சுவரிலிருந்த பிளக் பாயின்ட் சரியில்லை என்றான், அவள் ஃபைல்களுக்குப் பெயர் வைக்கிற முறை சரியில்லை என்றான். நான்காம் நாள் வௌவால்கள் மேலேயே பாய்ந்தான்.

"இவ்வளவு இருட்டுல போய் யாராவது படம் எடுப்பாங்களா?"

"பகல்ல வந்து போஸ் குடுக்கச் சொல்லி அதுங்ககிட்டக் கேக்கல போல" என்றாள் எடிட்டர்.

ஐந்தாம் நாள் ஆராய்ச்சியாளர் நேரில் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, சேறு காய்ந்த ஷூ, தோளில் கனத்த பை. துடைத்த படத்தைக் கொஞ்சமாவது பார்க்கலாம் என்று நம்பி வந்திருந்தார். முதலாளி அவரை எடிட்டிங் அறைக்கு அழைத்து வந்தார். பின்னாலேயே விஞ்ஞானி நுழைந்து மவுஸைப் பறிக்காத குறையாக வாங்கினான்.

"கார்டுல ஒரு குறையும் இல்ல மேடம். நீங்களே பாருங்க."

ஒரு கேமை ஓடவிட்டான். சிப்பாய்கள் ஓடினார்கள், சுட்டார்கள், பாலம் ஒன்று வெடித்து ஆற்றில் விழுந்தது. குகைக்குள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து பழகிய அந்தப் பெண்மணி இதையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

"இதுல வௌவால் எப்ப வரும்?"

முதலாளிக்கு முகம் சிவந்தது. "என்ன மாப்ள இது?"

"மாமா, என்னையே சொல்லாதீங்க. நான் அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் வாங்குனேன். எட்டு போதுமான்னு கேட்டேன்."

மூன்று பேரும் எடிட்டரைப் பார்த்தார்கள். வருடக்கணக்கில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை, அவளுக்கு எதிராகவா வர வேண்டும்? இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவனை விட அவளைத்தான் எல்லோரும் நம்பியிருப்பார்கள். அப்படிச் சொன்னால் அவனை விட மட்டமாகிப் போவோம் என்று தோன்றியது.

"கேட்டாரு. போதாதுன்னு எனக்குத் தெரியும். நான் ஒழுங்கா பதில் சொல்லல."

ஆராய்ச்சியாளர் கோபப்படவில்லை. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"குட்டி போடுறத ஒரே ஒரு தடவதான் எடுக்க முடிஞ்சுது. ரெண்டு வருஷத்துல ஒரு தடவ. அது அந்தப் புள்ளிக்குள்ளதான் எங்கயோ இருக்கு" என்றார்.

எடிட்டருக்குக் காது மடல் சுட்டது. முட்டாளை முட்டாளாக்கிப் பார்க்க ஆசைப்பட்டு, சம்பந்தமே இல்லாத ஒருவரின் இரண்டு வருடத்தை வைத்து விளையாடியிருக்கிறாள். விஞ்ஞானிக்காவது விவரம் பற்றாது. அவளுக்கு என்ன கேடு?

அந்த எரிச்சலில்தான் அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உங்க வீட்டு மெஷின்ல கார்டு எவ்வளவு?"

அவன் கூரையைப் பார்த்தான். "பதினாறு."

"கேம் ஆடத்தான? அங்க எதுக்குப் பதினாறு?"

"பின்னால தேவப்படும்ல அக்கா."

முதலாளி நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். மாமன் தொழிலுக்கு எட்டும் தன் விளையாட்டுக்குப் பதினாறுமாகப் பிரித்துக்கொண்ட மச்சினனை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"போய்க் கழட்டிட்டு வா."

"மாமா, அது எங்க அக்கா என் பிறந்த நாளைக்கு வாங்கிக் குடுத்த—"

"கழட்டிட்டு வான்னு சொன்னேன்."

அவன் போன கால் மணி நேரத்தில் முதலாளிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் அதைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அறை முழுக்கக் கேட்டது.

"என் தம்பின்னா உங்களுக்கு அவ்வளவு இளப்பமா போச்சா?"

வழக்கமாக இந்த இடத்தில் "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று குழைவார். அன்றைக்கு "ஆமா" என்று சொல்லி போனை வைத்தார். வைத்த பிறகு கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

விஞ்ஞானி கார்டைக் குளியல் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தான். குட்டையாக, கருப்பாக, ஒரு விளக்கும் இல்லாமல் இருந்தது. அதை மாட்டியதும் மெஷின் மூடி ஒழுங்காக மூடிக்கொண்டது. மறுநாள் காலையில் எடிட்டர் வேலையை ஓடவிட்டாள். பறக்கவில்லை, நடந்தது. சாயங்காலம் வரை எங்கும் நிற்காமல் நடந்தது.

ஆராய்ச்சியாளர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கொதித்துக்கொண்டிருந்த புள்ளிகள் அடங்கியிருந்தன. பாறையின் சொரசொரப்பு தெரிந்தது. அதில் தாய் வௌவால் தொங்கியது. குட்டி பாதி வெளியே வந்திருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வௌவால், இதுவரை வெறும் கருப்பாகத் தெரிந்த இடத்தில், சிறகை விரித்து ஏந்தினாற்போல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆராய்ச்சியாளர் திரையை விரலால் தொடப் போய், தொடாமல் நிறுத்தினார்.

"நான் அங்கயேதான் உக்காந்திருந்தேன். இது கூடவே இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். "இன்னொரு தடவ போடுங்க."

எடிட்டர் போட்டாள். மூன்றாவது தடவை ஓடும்போது கதவு திறந்தது. விஞ்ஞானி நடைவழி வெளிச்சத்தோடு உள்ளே நுழைந்து, திரையைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினான்.

"என் கார்டு மேடம். மெமரிதான் முக்கியம்னு நான் எப்பவும் சொல்லுவேன்."

எடிட்டருக்கு நாக்கு நுனியில் நாலு பதில் வந்து வரிசையில் நின்றது. நாலும் நல்ல பதில்.

"கதவச் சாத்துங்க தம்பி" என்றாள். "திரையில வெளிச்சம் அடிக்குது."