நேரங்கெட்ட நேரத்தில் ஓர் ஆக்டோபஸ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஓர் ஆக்டோபஸ்.

"ஆக்டோபஸுக்கு மூணு இதயம் உண்டாம். நீந்தும்போது அதுல ஒண்ணு நின்னுடுமாம். அதனாலதான் அது நீந்தறதைவிட ஊர்ந்து போறதையே விரும்புதாம்." பக்கத்தில் கண்ணடிக்கும் மஞ்சள் முகம் ஒன்று. ஒரு பெரிய குடும்பத்தின் கைபேசிக் குழுவில், ஆளாளுக்கு வேலையில் இருக்கும் மத்தியானத்தில் இது வந்து விழுகிறது. படித்த அத்தனை பேரும் பயந்துபோகிறார்கள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டில், ஜன்னலோர மேசையில், ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

எங்கே ஆரம்பிப்பது என்பதில்தான் தகராறு. முதல் முயற்சி: "அன்று வானம் காலையிலிருந்தே மூட்டமாக" வேண்டாம். வானத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இரண்டாவது: "மரணம் என்பது" சீ, இது அதைவிட மோசம். மூன்றாவது: "பல்லழகியின் கையில் யாரோ ஒரு பெரியவரின் மேல்தாடை இருந்தபோது கைபேசி அதிர்ந்தது." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சித்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

அந்தக் குழுவில் வராத செய்தி இல்லை. யார் பாஸானார்கள், யார் வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, யார் புதுத் திரைச்சீலை வாங்கி அது ஜன்னலுக்கு ஒரு சாண் குறைந்துபோனது என்று எல்லாம் வரும். தினமும் காலையில் சித்தியின் துணுக்கு வரும். தாவரவியல்படி வாழைப்பழம் பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரி இல்லை. வெள்ளிக் கிரகத்தில் ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளம். உடனே பெரிய மாமா, "அங்கே மாசச் சம்பளம் எப்படிம்மா கொடுப்பாங்க?" என்பார். ஆளுக்கொரு சிரிப்பு முகம் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.

காலைத் துணுக்கில் பழம் வரும், கிரகம் வரும், எலும்பு வரும். மிருகம் மட்டும் வராது. மிருகம் வந்தால் நேரங்கெட்ட நேரத்தில்தான் வரும். வந்த கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே கெட்ட செய்தி வரும். தேனீக்கு ஐந்து கண் என்று வந்த அன்று அண்ணியின் தையல் கடையில் தீ. பசுமாடுகளுக்குள் நெருங்கிய சிநேகிதம் உண்டு என்று வந்த அன்று பெரியப்பாவுக்குப் பக்கவாதம். "சித்தி மிருகத்தை அவுத்து விட்டுட்டாங்க" என்பது இந்தக் குடும்பத்தில் ஒரு பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் புள்ளிவிவரம் வைத்திருக்கும் ஒருவன் உண்டு, பெரியம்மா மகன். கணக்குப்புலி என்று பட்டப்பெயர். அவன் இதற்குத் தரப்பட்டியலே போட்டுவிட்டான். பூச்சி என்றால் பொருள் நஷ்டம். நாலு கால் என்றால் ஆஸ்பத்திரி. கடல் பிராணி என்றால்

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. கடல் பிராணி இதுவரை இரண்டே முறை வந்திருக்கிறது. இரண்டு முறையும் நாங்கள், மன்னிக்கவும், அவர்கள், சாவு வீட்டுக்குப் போகக் கறுப்புச் சட்டை தேடினார்கள்.]

சித்தி தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். எத்தனையோ பேர் நின்றபடியே துக்கச் செய்தி கேட்டுச் சரிந்ததைக் காதால் கேட்டவர். அதனால் கேட்கிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் சிரிப்புக் காட்டி, உட்கார வைத்துவிட்டுப் பிறகு சொல்கிறார். இது என் விளக்கம். கதைக்கு ஏற்ற அழகான விளக்கம். அடுத்தவர் மனதைப் பற்றி நான் சொல்லும் அழகான விளக்கங்கள் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

3

பல்லழகியின் கையில் யாரோ ஒரு பெரியவரின் மேல்தாடை இருந்தபோது கைபேசி அதிர்ந்தது.

பல்லழகி என்பது குடும்பம் வைத்த பெயர். அவள் பல் ஒன்றும் அப்படி அழகில்லை, முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, ஸ்பிரிட் விளக்கில் மெழுகை இளக்கி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, முகம் தெரியாதவர்களுக்குச் சிரிப்பு செய்து கொடுக்கிறவள். விரல் எல்லாம் மெழுகு என்பதால் சுண்டுவிரலால் திரையைத் தள்ளிப் பார்த்தாள்.

ஆக்டோபஸ்.

கைபேசியைக் குப்புறப் போட்டாள். ஒரு பல்லை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பெரியவர்களா, சின்னவர்களா, சாலையிலா, வீட்டிலா? காலையில் யார் யார் பேசினார்கள்? மனது ஒவ்வொருவராகக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது, அவள் ஒவ்வொருவரையும் அவசர அவசரமாகத் திருப்பி அனுப்பினாள். இவர் இல்லை, இவளும் இல்லை. தம்பி வந்து நின்றபோது அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவன் இல்லவே இல்லை.

பிறகு ஒன்று செய்தாள். அதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். 'பெரிய மாமாவா இருக்கட்டும்' என்று நினைத்தாள். வயசாச்சு, எல்லாம் பார்த்தாச்சு, பேரன் பேத்தி எடுத்தாச்சு. கடவுளே, அவராக இருக்கட்டும்.

நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அவர்.

4

"என்ன ஆச்சு சித்தி?" என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. எப்போதும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா? அதற்குப் பதிலாக எல்லோரும் பதில் துணுக்கு போட ஆரம்பித்தார்கள். "தேன் கெட்டே போகாதாம்" என்றாள் அண்ணி. "மின்னல் சூரியனோட மேற்பரப்பைவிட சூடாம்" என்றான் கணக்குப்புலி. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இதைவிடக் குதூகலமான குடும்பம் கிடையாது. உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும், இது ஆஜர் சொல்வது. நான் இருக்கிறேன், அது நான் இல்லை.

பல்லழகியும், "மனுஷ உடம்புலயே ரொம்பக் கெட்டியானது பல்லோட எனாமல்தான்" என்று போட்டாள். போட்டுவிட்டு, யார் இன்னும் போடவில்லை என்று பார்க்க ஆரம்பித்தாள்.

அப்போது வந்தது பெரிய மாமாவின் செய்தி. "இருக்கிற ஒரு இதயத்துக்கே மாத்திரை வாங்கிக் கட்டுப்படியாகல. மூணு இருந்தா வீட்டை வித்திருப்பேன்."

சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. பல்லழகிக்கு முதலில் வந்தது சிரிப்பு இல்லை. 'ஐயோ' என்று வந்தது. மாமா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஐயோ! சிரித்தவர்களில் இன்னும் எத்தனை பேருக்கு அப்படி வந்ததோ, எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது.

"என்னம்மா இது?" பட்டறை முதலாளி பின்னால் வந்து நின்றார். "கோரைப்பல்லை இடம் வலம் மாத்தி நட்டு வச்சிருக்கே. இந்த மனுஷன் சிரிச்சா தெருவே காலியாயிடும்."

"இதோ பிரிச்சுடறேன் சார்."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். வீட்டுல ஒரு ஆக்டோபஸ் வந்திருக்கு."

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார்."

அவர் நகர்ந்ததும் சித்தியை அழைத்தாள். சித்தி வேறு அழைப்பில் இருப்பதாகக் குரல் சொன்னது. மறுபடி அழைத்தாள், அதே குரல். குழுவைத் திறந்தாள். வாய் திறக்காதவர்கள் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒருவன் மட்டும் மிஞ்சினான். தம்பியை அழைத்தாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. பட்டறைப் பாத்திரத் தொட்டியில் போய் மெழுகுக் கையைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

5

இந்தத் தம்பி எனக்குச் சரியாக வரவில்லை. மூன்று வேலை கொடுத்துப் பார்த்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான், பெட்டியைக் கடலில் போட்டான். லாரியில் ஏற்றினேன், பாதி வழியில் இறங்கிவிட்டான். மூன்றாவதாக ஒரு பள்ளிக்கூடத்தில் வரைபடம் சொல்லிக்கொடுக்க வைத்தேன், அங்கேயும் ஒட்டவில்லை. அவன் ஏன் தொலைபேசியை எடுக்கவில்லை என்பதற்கும் உருப்படியான காரணம் கிடைக்கவில்லை. அக்கா அழைத்தால் எடுக்காத தம்பியை வாசகர் எப்படி மன்னிப்பார்?

சரி, முடிவையாவது பார்ப்போம்.

முடிவு அ: சித்தியின் கைபேசியைப் பேத்தி எடுத்து விளையாடியதில் ஆக்டோபஸ் தவறிப்போய் வந்துவிட்டது. எல்லோரும் சித்தியைத் திட்டித் தீர்க்கிறார்கள். பல்லழகி கோரைப்பல்லைச் சரியான இடத்தில் நடுகிறாள். மலிவான முடிவுதான். ஆனால் அந்தக் கதைக்குள் போய்க் குடியிருக்க ஒரு இடம் கிடைத்தால் இந்த நிமிஷமே கிளம்பிவிடுவேன்.

முடிவு ஆ: ஆக்டோபஸ் சித்தியைப் பற்றியதே. எல்லோருக்கும் செய்தி சொன்னவருக்குத் தன் செய்தியைச் சொல்ல வரவில்லை. இதைப் படித்தால் நல்லாயிருக்கும், ஆனால் நடக்கவில்லை.

முடிவு இ: தம்பி

6

இனிமேல் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. நான் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. இது ஜன்னலோர மேசையும் இல்லை, கட்டிலுக்குக் குறுக்கே தள்ளிக்கொள்ளும் சக்கர மேசை. தண்ணீர் டம்ளர் இருப்பது நிஜம், ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாளைக் காலையில் எனக்கு நெஞ்சைத் திறக்கிறார்கள். "பிழைச்சுடுவேனா டாக்டர்?" என்று கேட்டதற்கு, "எங்களால முடிஞ்சதைச் செய்வோம்" என்றார். அவர் நல்லவர், பொய் சொல்ல வரவில்லை.

பல்லழகி என் அக்கா. ஒட்டாத அந்தத் தம்பி நான்.

என் வாயால் அக்காவிடம் சொல்லத் தைரியம் வராமல் மத்தியானம் சித்திக்குத்தான் முதலில் சொன்னேன். "நீங்களே எல்லாருக்கும் சொல்லிடுங்க சித்தி" என்றேன். சரி என்றார். ஆக்டோபஸ் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. அக்கா அவரை அழைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

"டேய், டைப் பண்ண வரலடா. கை ஓடல."

"பரவாயில்ல சித்தி, நானே போட்டுக்கறேன். உங்க மிருகத்தைப் பார்த்தே எல்லாரும் பாதி உயிராகியிருப்பாங்க."

"எந்த மிருகம்?"

"கெட்ட செய்திக்கு முன்னாடி எப்பவும் ஒண்ணு போடுவீங்களே சித்தி. எல்லாரையும் தயார் பண்றதுக்கு."



"அப்படியாடா பண்றேன்?" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாதுடா. எனக்குத் திக்குனு ஆச்சுன்னா பேத்தியோட பிராணிகள் புஸ்தகத்தை எடுத்துப் பிரிச்சு வச்சுப்பேன். படிச்சா படபடப்பு கொஞ்சம் அடங்கும். நல்லா இருந்தா போடுவேன். அவ்வளவுதான். நான் யாரை எங்கேடா தயார் பண்றது? எனக்கே பயமா இருக்கும்."

"அழாதீங்க சித்தி."

"நீதான்டா அழறே."

இரண்டு பேருமே அழுதோம் என்பதுதான் உண்மை. எங்களை உட்கார வைக்கிறார் என்று இத்தனை வருஷமாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் பிடித்துக்கொள்ள எதையாவது தேடியிருக்கிறார். நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், என் கையில் கிடைத்தது கதை. பட்டறையில் அக்கா என்ன செய்திருப்பாள் என்று எழுதிக்கொண்டிருக்கும்வரை எனக்கு நாளைக் காலை ஞாபகத்தில் இல்லை. மேல்தாடை, கோரைப்பல், முதலாளி, எல்லாம் என் கற்பனை. அவள் அழைப்பு ஐந்தாறு முறை வந்தது மட்டும் கற்பனை இல்லை. திரையில் அவள் பெயர் எரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன்.

7

குழுவில் இப்போது பேச்சு இல்லை. கடைசியாக இருப்பது அக்கா எழுதியது. "தம்பி, நீ மட்டும் ஒண்ணும் போடலையே. எதையாவது போடுடா."

இரண்டு பதில் தயாராக வைத்திருக்கிறேன்.

ஒன்று: "வெள்ளரிக்காய்ல பெரும்பகுதி தண்ணிதானாம்." இதை அனுப்பினால் அக்கா சிரிப்பாள். குழுவில் இருக்கும் நாற்பது பேரும் இன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். நாளை நான் கண் விழித்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு என்னைத் திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம். விழிக்காவிட்டால் என் கடைசி வார்த்தையாக அவளிடம் ஒரு வெள்ளரிக்காய் இருக்கும். அதை அவள் எத்தனை முறை எடுத்துப் படிப்பாள் என்று நினைத்தால் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு: "அக்கா, நாளைக்குக் காலையில எனக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. வந்துடு."

கதை எழுதுகிறவனைக் கேட்டால் முதலாவதுதான் என்பான். தம்பியைக் கேட்டால்

நர்ஸ் வந்துவிட்டார், கைபேசியை வாங்கிப் பையில் போட வேண்டுமாம். "ரெண்டு நிமிஷம் சிஸ்டர்" என்றேன். உங்களுக்கும் ஒரு அக்காவோ அண்ணனோ இருப்பார்கள். அவர்களாக உங்களை நினைத்துக்கொண்டு இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், அதை அனுப்பிவிடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம். 'அக்கா எழுதுகிறார்' என்று திரையில் வருகிறது, நிற்கிறது, மறுபடியும் வருகிறது.