பேர்ள் அன்ரி ராடர் கருவியை விசாரித்தது

கடிதம் வந்த திங்கட்கிழமையே பேர்ள் முடிவெடுத்துவிட்டாள். காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கிற ராடர் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று வாங்குவது. எங்கேயாவது பொலிஸ்காரர் ராடர் வைத்து வேகம் அளந்துகொண்டிருந்தால் அது முன்கூட்டியே கத்துமாம். கத்தியதும் பிரேக்கை மிதித்தால் சரி. வேறென்ன வேண்டும்?

கடிதம் லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து வந்தது. பிழையாக ஓட்டும்போதெல்லாம் லைசென்ஸிலிருந்து வெட்டுகிற பதின்மூன்று புள்ளிகளும் அவளுக்குத் தீர்ந்துவிட்டன. பள்ளிக்கூட வலயத்தில் நான்கு, பெருந்தெருவில் மூன்று, மிச்சம் ஆறும் பெரிய வெள்ளியன்று ஒரே வெட்டில் போனவை. நீண்ட விடுமுறைகளில் நியூ சவுத் வேல்ஸில் புள்ளிகளை இரட்டிப்பாக வெட்டுவார்கள். மூன்று மணி ஆராதனைக்குப் பிந்தக்கூடாதென்று பறந்தவளுக்கு, ஆண்டவர் பாடுபட்ட நாளிலேயே தன் பாடும் வந்து சேர்ந்தது. இனி ஒரு வருடம் நன்னடத்தையாக ஓட்ட வேண்டும். அதற்குள் இன்னும் இரண்டு புள்ளி போனால் ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் இல்லை.

லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை. பேர்ள் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து, வெளியே கூட்டிப்போகும் பராமரிப்பு வேலை செய்கிறவள். ஒரு நாளைக்கு ஐந்து வீடு. கணவன் எறிக் முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீட்டில் கிடந்தான். அவனால் இப்போதைக்கு ஒரு வாளி தூக்கவும் ஏலாது.

"அம்மா, ஜஸ்ட் டிரைவ் ஸ்லோ," என்றாள் மகள் ஜெனோஜா, போனிலிருந்து தலையை எடுக்காமல்.

"ஸ்லோவா ஓடினா பிந்திப்போவன். நான் ஒருநாளும் பிந்தினதில்லை," என்றாள் பேர்ள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாங்குவதென்று தீர்மானித்தாயிற்று. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி, அதில் பேர்ளை ஏமாற்ற எவனாலும் ஏலாது. ஏனென்றால் சிட்னியில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குள் பேர்ள் அன்ரி எதற்குப் பேர்போனவள் என்றால், மாப்பிள்ளை விசாரிப்பதற்கு. "அன்ரி, மெல்பேர்ணில ஒரு பெடியன் பொருந்தியிருக்கு, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்று ஒரு போன் வந்தால் போதும். ஒரு கிழமைக்குள் பெடியன் குடிக்கிறானா, கோபக்காரனா, தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிகிறானா என்பதெல்லாம் அவள் கைக்கு வந்துவிடும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் என்பார்கள். அந்த ஆயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது பேர்ளின் கைவேலை.

ஆகவே கருவியையும் அவள் அப்படியே விசாரித்தாள். வேலை முடிந்து வந்து, குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, மடிக்கணினியைத் திறந்தாள்.

முதலில் வந்தது 'சிறந்த பத்துக் கருவிகள்' என்றொரு பக்கம். பத்தும் சிறந்தவையாம். ஒவ்வொன்றின் அடியிலும் 'இங்கே வாங்குங்கள்' என்று ஒரு பொத்தான். பேர்ளுக்குச் சிரிப்பு வந்தது. "இவன் தரகன்," என்றாள் எறிக்குக்குக் கேட்கும்படி. "எந்தக் கலியாணம் ஒப்பேறினாலும் இவனுக்குக் கொமிஷன். இவன் எந்த மாப்பிள்ளையைக் கூடாதெண்டு சொல்லப்போறான்?"

பிறகு விற்கிற கடையின் பக்கத்துக்குப் போனாள். ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. 'என் கணவருக்கு மிகவும் பிடித்தது' என்று மூன்று பெண்கள் ஒரே சொல்லில், ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே புருஷனோ என்று கேட்டுவிட்டு அதையும் மூடினாள். ஒற்றை நட்சத்திரக்காரரையும் அவள் சும்மா நம்பிவிடவில்லை. ஒருவர் பெட்டி நசுங்கி வந்ததென்று திட்டியிருந்தார். அது கலியாண வீட்டில் சோறு குழைந்ததற்காக மாப்பிள்ளையைக் குறைசொல்வது மாதிரி.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் அரை மணித்தியாலம் அழகாகக் கதைத்தான். கடைசியில், கருவியை நிறுவனமே இலவசமாக அனுப்பியது என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த இடத்தை பேர்ள் இரண்டு தரம் ஓடவிட்டுக் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டில் விருந்து சாப்பிட்ட வாய், என்ன சொல்லும்? போதாதற்கு அவன் இருந்தது அமெரிக்காவில். அங்கத்தைய பொலிஸ் எந்த ராடரைப் பாவிக்கிறதோ, இங்கே எதுவோ? அவன் சொல்வது இங்கே செல்லாது.

நான்காம் நாள்தான் அவளுக்கு வேண்டிய சாட்சி அகப்பட்டது. கார்ப்பைத்தியங்கள் கூடி ஒருவரையொருவர் கிழித்துக்கொள்கிற ஓர் இணைய மன்றத்தில், பேர்த்திலிருந்து தனபாலன் என்றொருவர் எழுதியிருந்தார். இரண்டு வருடம் பாவித்தவராம். நல்லது இரண்டு, கெட்டது மூன்று சொல்லியிருந்தார். சூப்பர்மார்க்கெட்டின் தானியங்கிக் கதவைக் கடந்தாலே கருவி பொலிஸைக் கண்டதுபோல அலறுகிறதாம். வெயிலில் ஒட்டுக் கழன்று மடியில் விழுகிறதாம். வாங்கச் சொல்லி எந்தப் பொத்தானும் இல்லை. பேர்ளுக்கு உடம்பெல்லாம் ஒரு உற்சாகம். குறையை இவ்வளவு விவரமாகச் சொல்கிறவன் பொய்யன் அல்ல. அதுவும் இந்த நாட்டுக்காரன். அதுவும் தமிழன்.

ஆளைப் பிடிக்க அவளுக்கு இரண்டு அழைப்புகள் போதுமாக இருந்தன. மெல்பேர்ணின் கிரெய்கிபர்னில் இருக்கிற மச்சாள் டில்ஷாவுக்கு ஒன்று, பேர்த்தில் இருக்கிற டில்ஷாவின் கொழுந்தனுக்கு ஒன்று. சனிக்கிழமை மத்தியானம் தனபாலனே போனில் வந்தார்.

"அந்தக் கதவுக்குக் கத்துறதை நிப்பாட்ட ஒரு வழியும் இல்லையோ தம்பி?" என்று தொடங்கிய பேர்ள், ஒன்றும் விடாமல் கேட்டாள். மழைக்கு எப்படி, எவ்வளவு தூரத்திலேயே தெரியும், பழுதானால் திருத்துவார்களா. அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். பேர்ள் எல்லாவற்றையும் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

"நல்லா விசாரிக்கிறியள் அக்கா. பேர்த்தில எந்தப் பக்கம் நீங்கள்?" என்று கேட்டார் தனபாலன்.

"பேர்த் இல்லைத் தம்பி. நான் சிட்னி, பெண்டில் ஹில்."

தனபாலன் அவசரமாகச் சொன்னார்.

"அக்கா, இது எங்கட வெஸ்டேர்ண் அவுஸ்திரேலியாவில மட்டும்தான் பாவிக்கலாம். உங்கட பக்கம் காரில வைச்சிருக்கிறதே குற்றம். பிடிச்சா கருவியையும் பறிச்சு, ஃபைனும் போட்டு, ஒன்பது புள்ளி வெட்டுவாங்கள் எண்டு நினைக்கிறன்."

பேர்ள் பேனையை வைத்தாள். ஒரே நாடு, ஒரே சட்டம்தானே என்று நினைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் உயரம், சம்பளம், கோபம், குறட்டை எல்லாம் விசாரித்து, ஏற்கெனவே கலியாணம் முடித்தவனா என்ற முதல் கேள்வியைக் கேளாமல் விட்ட மாதிரி ஆயிற்று. பதினெட்டு வருட விசாரிப்பில் இப்படி ஒரு சறுக்கல் அவளுக்கு வந்ததில்லை. இரண்டு புள்ளியைக் காப்பாற்ற ஒன்பது புள்ளியை அல்லவா வாங்கப் பார்த்தாள்! ஜெனோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். எறிக் சிரிக்கப்போய் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

சரி, இந்த மாப்பிள்ளை சரிவராது. ஆனால் ஆறு மாதம் வீட்டில் இருக்கவும் பேர்ளால் ஏலாது. பின்னேரம் முழுக்க உடுப்பு மடித்துக்கொண்டே யோசித்தாள். இரண்டு பக்கத்தையும் விசாரிக்காமல் அவள் ஒரு சம்பந்தத்துக்கும் ஓம் சொன்னதில்லை. இந்தத் தரம் கருவியை மட்டும் விசாரித்திருக்கிறாள். காரை ஓட்டுகிறவளைப் பற்றி யாரிடம் கேட்டாள்? ஒருவரிடமும் இல்லை. பேர்ள் என்கிற இந்தப் பொம்பிளை எப்படிக் கார் ஓட்டுகிறவள்? விசாரிக்கத்தான் வேண்டும். அவள் பிடித்தால் விடாதவள், தன்னையும்.

யாரிடம் கேட்பது? எறிக் புருஷன். ஜெனோஜா மகள். கத்தோலிக்கக் கோயில்சனங்களுக்கு நாளைக்குத் தங்கள் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்க்க அவள் தேவை. சொந்தமில்லாத, லாபமில்லாத, குறை சொல்லக் கூசாத ஒரு வாய் வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரே ஆள் கதிர்காமநாதன்தான்.

கதிர்காமநாதனுக்கு எண்பத்துமூன்று வயது. டூங்காபியில் தனியே இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் பேர்ள் போவாள். தேத்தண்ணி சூடில்லை என்பார். சூடாகக் கொடுத்தால் நாக்கு வெந்துவிட்டது என்பார். திரைச்சீலையின் நிறம், பக்கத்து வீட்டு நாய், பிரதமர், பிட்டு, எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு குற்றம் இருந்தது. முன்பு வெள்ளிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு அவரை அவள்தான் கூட்டிப்போவாள். முழங்கால் வருத்தமென்று ஏப்ரலோடு அதை நிறுத்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, பேர்ள் அவருக்கு எதிரே இருந்தாள்.

"அங்கிள், நான் கார் ஓடுறது எப்படி?"

எதைக் கேட்டாலும் குற்றம் சொல்கிற மனிதர் கோப்பைக்குள்ளே பார்த்தார்.

"ஏன் கேக்கிறாய்?"

"சும்மா விசாரிக்கிறன்."

"நீ நல்ல பிள்ளை."

"நல்ல பிள்ளை எண்டு தொடங்கினாலே பின்னால ஒரு 'ஆனா' வரும். எனக்கு அது தெரியும் அங்கிள். சொல்லுங்கோ."

கதிர்காமநாதன் தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தார். சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"முழங்காலில ஒண்டுமில்லை," என்றார். "உன்ர காரில ஏறினா எனக்கு உயிர் போய் வருது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முருகா முருகா எண்டபடி வருவன். கோயில் வாசலுக்கு வரமுதலே என்ர கும்பிடு முழுக்க முடிஞ்சிடும். உள்ளுக்குப் போய்க் கேக்க ஒண்டுமிராது."

பேர்ளுக்கு முகம் கொதித்தது. "இதை ஏன் ஒஃபிஸில சொல்லேல்லை? அங்க எல்லாத்துக்கும் முறைப்பாடு குடுக்கிறியளே!"

"குடுத்தா உன்னை மாத்திப்போடுவாங்கள்," என்றார் அவர். "வேற ஆள் வந்தா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

பேர்ள் எழும்பினாள். கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய், கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள். வெட்கமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது. நேரத்துக்கு வருகிறவள் என்று தன்னைப் பற்றி எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறாள். அந்த நேரத்துக்காக ஒரு கிழவர் மாதக்கணக்காகத் தன் கடவுளைப் பார்க்காமல் இருந்திருக்கிறார், அதுவும் அவளை இழக்கக்கூடாதென்று பொய் சொல்லிக்கொண்டு.

வெளியே வந்து, காருக்குள் இருந்தபடியே, வேலை ஒழுங்குசெய்யும் ஹரிப்பிரியாவுக்குப் போன் எடுத்தாள். ஹரிப்பிரியா கோயம்புத்தூர்ப் பிள்ளை.

"ஒரு வீட்டிலயிருந்து மற்ற வீட்டுக்குப் போகப் பதினைஞ்சு நிமிஷம் காணாது பிள்ளை. எனக்கு அரை மணித்தியாலம் வேணும்."

"நான் என்னக்கா பண்ணட்டும், வேலை ரோஸ்டரை சிஸ்டம்தான் போடுது."

"அப்ப சிஸ்டத்தைக் கூப்பிடு. நான் அதோட கதைக்கிறன்."

ஹரிப்பிரியா சிரித்தாள். பேர்ள் சிரிக்கவில்லை. மூன்று நாளில் ஒன்பது தரம் போன் எடுத்தாள். பத்தாம் தரம் ஹரிப்பிரியாவின் மேலாளரிடம் பேசினாள். வியாழன் பின்னேரம் புதிய ரோஸ்டர் வந்தது. ஐந்து வீடு நான்காகியிருந்தது. சம்பளம் குறையும். குறையட்டும், லைசென்ஸ் இருக்கும் என்று எறிக்கிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை கதிர்காமநாதனின் வாசலில் போய் நின்றாள்.

"வெளிக்கிடுங்கோ அங்கிள். கோயிலுக்குப் போவம்."

"முழங்கால்..."

"உங்கட முழங்காலைப் பற்றி நான் விசாரிச்சு முடிச்சிட்டன்."

அவர் வேட்டி கட்டி, திருநீறு பூசி, தூக்குமேடைக்குப் போகிறவர்போல வந்து ஏறினார். பெல்ட்டைப் போட்டதும் கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

நாற்பது எல்லையுள்ள பள்ளிக்கூட வலயத்தில் பேர்ள் முப்பத்தெட்டில் போனாள். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அவளுடைய வலதுகால் அமத்து அமத்து என்று நமநமத்தது. ஐம்பது எல்லையுள்ள வீதியில் முந்திப்போனவன் கையைக் காட்டி ஏதோ ஏசினான். பேர்ள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு என்று ஓட்டினாள். வீதியோரம் மரநிழலில் பொலிஸ்காரன் ஒருவன் ராடரைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான். அவனைக் கடந்து போன பிறகுதான் அவள் அவனைக் கண்டாள். நெஞ்சு படபடக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கோயிலடியில் காரை நிறுத்தி, "வந்திட்டம் அங்கிள்," என்று திரும்பினாள்.

உதடு இப்போது அசையவில்லை. தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் திறந்து, கதிர்காமநாதன் நல்ல நித்திரையில் இருந்தார்.

பேர்ள் எஞ்சினை நிறுத்தினாள். அவரை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.