மூத்தவள்

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த மருத்துவரின் கடிதத்தை அம்மா பிய்த்தெடுத்தாள்.

"சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. தண்டோரா போடறியா?"

"வேற எங்க வெச்சாலும் தொலைச்சிடுவேம்மா" என்றாள் மூத்த மகள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். பக்கத்தின் மூலையில் இடம் மாறி விழுந்த ஒரு காற்புள்ளிகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீயும்வரை நினைவுக்கு வராது. பேசுகிறவர்களின் முகத்தைப் பார்க்கவும் அவளால் முடியாது. இதற்கெல்லாம் வீட்டில் வைத்திருந்த பெயர் சோம்பல், திமிர். அவளும் அதையே நம்பியிருந்தாள். போன மாதம்தான் மருத்துவர் வேறு பெயர் சொன்னார்: ஆட்டிசம், கூடவே ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைவுக் கோளாறு. "உங்க மேல தப்பில்லம்மா" என்றும் சொன்னார். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

"திமிர் புடிச்சவள்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. இது தெரிஞ்சா உன் தங்கச்சி கதி?" அம்மா கடிதத்தை நான்காகக் கிழித்தாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள், தடுக்கவில்லை.

விருந்தாளிகள் போகும்வரை சமையலறையை விட்டு வரக் கூடாதென்று உத்தரவு. கூடத்துச் சிரிப்பும் பேச்சும் காதுக்குள் ஊசியாய் இறங்கின. அதிலிருந்து தப்பிக்க, அலமாரி முழுவதையும் இறக்கி அடுக்கத் தொடங்கினாள். மூடிக்கேற்ற பாத்திரம், அளவு வாரியாகத் தட்டுகள், ஒரே பக்கம் பார்த்த கோப்பைக் காதுகள்.

கை கழுவ வந்த மாப்பிள்ளையின் தாய் அலமாரியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இவங்க யாரு?"

பின்னால் வந்த அம்மா தயங்கவே இல்லை. "வேலைக்கு வர்ற பொண்ணு."

"அடேயப்பா! கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே. இப்படி ஒருத்தியை எங்க புடிச்சீங்க?"

அந்த வீட்டுக்குள் அவளைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

"நான் மூத்த பொண்ணு. எனக்கு ஆட்டிசம்" என்றாள் அவள், கோப்பைகளைப் பார்த்தபடி.

அம்மா சிரித்தாள். "வீட்டோட வளந்தவ, அப்படித்தான் சொல்லிக்குவா. புத்தி கொஞ்சம் மட்டு."

"அதனால என்ன சம்பந்தி? வேலை சுத்தமா இருக்கே. கல்யாணம் ஆனதும் பொண்ணோட இவளையும் அனுப்பி வைங்க."

"நான் மூத்த பொண்ணு" என்றாள் மறுபடியும், இன்னும் சத்தமாக.

இருவரும் தேதி பேசிக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.