அந்தி விளக்குக்கு ஒரு கதவு

பழைய கம்ப்யூட்டருக்கும் மாமியாருக்கும் ஒரே மருந்துதான், அவசரப்படாமல் பேசிப் பார்க்க வேண்டும் என்று வேலையிடத்தில் சொல்லிச் சிரிக்க வைப்பான் கேபிள்காரன். அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். தெருவில் யாருக்கும் அது விளங்காததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு வாய்த்ததோ மாமியார்கூட இல்லை. மனைவியின் மாமியார். அவளுடைய முதல் கணவனைப் பெற்றவள்.

கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அத்தை எங்க இருக்காங்களோ அங்கதான் நான். இதுக்குச் சரின்னா மேல பேசலாம்."

அவன் சரி என்றான். கல்யாணமாகி ஒரு மழைக்காலம் போய் வெயில் வந்துவிட்டது. அத்தை அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் இதுவரை அவனை எதுவும் சொல்லி அழைத்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் ஜன்னலோர நாற்காலியில் அவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "அவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்பாள் மருமகளிடம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இறந்துபோன மகனின் மனைவியைக் கட்டியவன் அவளுக்கு என்ன முறை? அப்படி ஒரு முறையை யாரும் இதுவரை உண்டாக்கவில்லை.

மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். நோயாளிகளின் சங்கதி என்பதால், வீட்டு இணையத்துக்கு ஃபயர்வால் போட்டால்தான் இனி வேலை என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் வருவதையும் வெளியே போவதையும் வாசலில் நிறுத்தி விசாரிக்கும் காவல்காரன் அது. அதற்கென்று தனியாகப் பெட்டி வாங்கத் தேவையில்லை, பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும் என்றான் அவன்.

"பரண்ல ஒண்ணு இருக்குங்க" என்றாள் மனைவி. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவரோடது. உள்ள ஒண்ணும் இல்ல. எடுத்துக்கோங்க" என்றாள்.

ஞாயிறு காலை அதை இறக்கித் தூசி தட்டினான். பவர் பொத்தானை அழுத்தினால் மூன்று முறை கத்திவிட்டு அடங்கியது. மெமரி அட்டையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்துத் திரும்ப மாட்டினான். உயிர் வந்தது. பென் டிரைவை மாட்டினால் அப்படி ஒரு வஸ்து உலகத்தில் உண்டா என்று கேட்டது. சரி என்று சிடி ஒன்று தேடி, அதில் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். "இந்தப் பிராசசருக்கு இது ஒத்துவராது" என்று பாதியில் நின்றது. இன்னும் பழைய பதிப்பைத் தேடிப் பிடித்தான். கடிகாரமோ ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் எங்கோ பின்னால் போய் நின்றது.

"பேட்டரி செத்திருக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பொத்தான் அளவிலிருந்த புது பேட்டரியை மாட்டினான். அப்போதும் கடிகாரம் பின்னால்தான் போனது.

மனைவி காபியோடு வந்து அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். திரையிலிருந்த தேதியைப் படித்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அவர ஆஸ்பத்திரியில சேர்த்த நாள்."

"பெட்டியைக் கடைசியா அணைச்ச நாளா இருக்கும். அதையே நெனப்புல வெச்சிருக்கு" என்றான் அவன். பரணில் பேட்டரி செத்துக் கிடந்த பெட்டி எந்த நாளையும் நினைப்பில் வைத்திருக்காது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது?

கடைசித் தொல்லை நெட்வொர்க் அட்டை. கேபிள் செருகும் அந்தப் பழைய அட்டை உள்ளே இருக்கும்வரை நிறுவல் ஒரே இடத்தில் உறைந்து நின்றது. அதைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, தன் பையிலிருந்த வேறு இரண்டை மாட்டினான். ஒன்று வெளியுலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. அதற்குப் பிறகு பெட்டி பிடிவாதத்தை விட்டது. பழைய டிஸ்க்கைத் துடைத்து அழித்துவிட்டு, ஃபயர்வால் அதில் ஏறி உட்கார்ந்தது.

அவனுடைய தொழில் வழக்கம் ஒன்று உண்டு. முதலில் எல்லாக் கதவையும் அடைத்துவிடுவான். பிறகு யார் யார் வந்து கேட்கிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றாகத் திறப்பான். அன்றும் எல்லாவற்றையும் அடைத்தான். மனைவியின் வேலைக்கு ஒன்றைத் திறந்தான். வீட்டு போன்களுக்கு ஒன்று.

சாயங்காலம் அத்தையின் அறையில் விளக்கு எரியவில்லை.

அது ஜன்னலோரம் இருக்கும் சின்ன மஞ்சள் விளக்கு. மகன் உயிரோடு இருந்தபோது அதற்கு இணையத்தில் இயங்கும் பிளக் ஒன்றை மாட்டிக் கொடுத்திருந்தான். அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது போனில் தட்டுவான். இங்கே விளக்கு எரியும். கிளம்பிவிட்டேன் என்று அம்மாவுக்குச் சேதி. அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைப்பாள். அவன் போன பிறகும் அந்தி சாயும் நேரத்தில் அந்த விளக்கு எரிந்தது. அவளும் எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அன்று அவள் எழுந்திருக்கவில்லை. இருட்டில் விளக்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மனைவி சமைத்தாள். அத்தை சாப்பிட வரவில்லை.

"பிளக் கெட்டுப்போச்சா, பாருங்களேன்" என்றாள் மனைவி.

அவன் பிளக்கைக் கழற்றி, தன் லேப்டாப்பில் இணைத்து ஆராய்ந்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"இதுல டைமரே வெக்கலியேம்மா. யாராவது வெளியில இருந்து சொன்னாத்தான் எரியும். இத்தனை நாளா யார் சொன்னது?"

"நீங்கதான்னு நெனச்சேன்" என்றாள் அவள். "அத்தைக்காகப் பண்றீங்க, சொல்லிக்க மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன். அதுக்காகவே உங்கள…" என்று நிறுத்திக்கொண்டாள்.

"நான் வர்றதுக்கு முன்னாடி?"

அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

மறுநாள் அந்தியில் அவன் நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்தான். கூடத்தில் நின்றுகொண்டு தன் போனிலிருந்து விளக்கை எரிய வைத்தான். அத்தையின் அறை மஞ்சளானது. அவள் தலையைத் திருப்பி அதை ஒரு நொடி பார்த்தாள்.

"பொண்ணே, அவர அணைக்கச் சொல்லு" என்றாள் மருமகளிடம். "இது அவன் இல்ல."

அன்று ராத்திரியும் அவள் சாப்பிடவில்லை. காலையில் எழுந்து பார்த்தால், துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் வீட்டுக்குப் போகிறாளாம். மாப்பிள்ளை நாளை வண்டி எடுத்துக்கொண்டு வருவாராம்.

"உங்கள யாராவது ஏதாவது சொன்னாங்களா அத்தை?" மருமகளின் குரல் உடைந்தது.

"யாரு சொல்லப்போறா? அவன் இங்க வர்றதில்லன்னு ஆயிடுச்சு. நான் யாருக்கு அடுப்பு மூட்ட?" பையின் ஜிப் மாட்டிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டியபடியே சொன்னாள். "நீ இரு. சின்ன வயசு. உனக்குன்னு ஒரு ஆள் இருக்காரு."

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். பிறகு அவள் தன் அலமாரியைத் திறந்து, தன் பையையும் எடுத்து வெளியே வைத்தாள். அத்தை இருக்கும் இடம்தான் தன் இடம் என்று சொன்னவள் அவள். ஒப்புக்கொண்டவன் அவன். இதில் யாரை யார் நோவது?

அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. பகல் முழுவதும் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஃபயர்வாலை எடுத்தெறிந்தால் மனைவியின் வேலை போகும். வைத்திருந்தால் மனைவியே போவாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்று தன்னையே நொந்துகொண்டான். பிறகுதான், இத்தனை வருடத் தொழிலில் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தான். அடைத்த கதவுகளை யார் யார் தட்டினார்கள் என்று பெட்டி எழுதி வைத்திருந்த பதிவைத் திறந்தான்.

ஊர் உலகத்திலிருந்து வழக்கமாக வரும் குப்பைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று தனியாகத் தெரிந்தது. ஞாயிறு அந்தியில் வெளியிலிருந்து ஒரு தட்டல். விளக்கின் பிளக்கை மட்டுமே கேட்டிருந்தது. மறுக்கப்பட்டது. திங்கள் அந்தியிலும் அதே. மறுக்கப்பட்டது. திங்களன்று திரும்பத் திரும்பத் தட்டியிருந்தது, இருட்டும் வரை.

எந்த நெட்வொர்க் அட்டைக்கும் தயாரிக்கும்போதே ஒரு எண் உண்டு. ஒன்றின் எண் இன்னொன்றுக்கு வராது. வெளியிலிருந்து வரும் தட்டலில் அந்த எண் தெரிவதில்லை. ஆனால் இந்தத் தட்டலோடு பதிவில் ஓர் எண் ஒட்டியிருந்தது. எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. மேஜைமேல் அவன் பிடுங்கிப் போட்ட பழைய அட்டையை எடுத்துத் திருப்பினான். அதன் முதுகில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டில் அதே எண்.

அட்டை அவன் உள்ளங்கையில் இருந்தது. அதில் கேபிள் இல்லை, மின்சாரம் இல்லை. ஆனால் அது வெளியே, தெருவில் நின்று, தன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவன் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்த்தான். தெரு காலியாக இருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. மறுக்கப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மறுக்கப்பட்டது. பொறுமையான தட்டல். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்தவன் தட்டும் தட்டல்.

பக்கத்து அறையில் அத்தை இருட்டில் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் மனைவி பாத்திரத்தை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், எதையும் சமைக்காமல்.

யாரென்று தெரியாத எதையும் உள்ளே விடாதே என்றுதான் அவன் தொழிலில் இத்தனை வருடமும் சொல்லிக்கொடுத்தான். இது யாரென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. இவள் உனக்கும் மனைவி, எனக்கும் மனைவி. உள்ளே விட்டால் நீ விளக்கோடு நிற்பாயா?

அவன் புதிய விதி ஒன்றைத் திறந்தான். இந்த எண், இந்த விளக்கு, வேறெதுவும் வேண்டாம். அனுமதி. சேமிக்கும் முன், விதிக்கு ஒரு பெயர் கேட்டது பெட்டி. அவன் கைகள் விசைப்பலகையின் மேல் நின்றன. மனைவியின் முதல் கணவனை என்னவென்று அழைப்பது? நெடுநேரம் யோசித்தான். தனக்கு முன்னால் இந்த வீட்டுக்கு உரியவனாக இருந்தவன். ஒரே தாயின் சமையலைத் தனக்கு முன்னால் சாப்பிட்டவன்.

'அண்ணன்' என்று தட்டினான். சேமித்தான்.

அடுத்த தட்டல் வந்தது. அனுமதிக்கப்பட்டது.

பக்கத்து அறையின் கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் கோடு கிழித்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செருப்புத் தேயும் நடை சமையலறைப் பக்கம் போனது. அடுப்புப் பற்றும் ஓசை. பிறகு அத்தையின் குரல், எத்தனையோ நாளாக இல்லாத தெம்போடு. "தள்ளு பொண்ணே, நான் பாத்துக்கறேன். அந்தப் பைய உள்ள வை, கால்ல இடறுது."

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டு வாசனை வரும்வரை எழுந்திருக்கவில்லை.

"சின்னவனே" என்று யாரோ கூப்பிட்டார்கள். அது தன்னைத்தான் என்று விளங்க அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. "எவ்வளவு நேரம்டா அந்த டப்பா முன்னாடி? ஆறிப்போகுது, வா."

அவன் வந்தான். மனைவி அவனைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். இதை எப்போது பேசி வைத்தீர்கள் என்ற கேள்வி அவள் கண்ணில் இருந்தது. விதிக்கு வைத்த பெயரை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கம்போல் ஜன்னலோர நாற்காலியை இழுக்கக் கை நீட்டினான்.

"அதுல வேணாம்பா" என்றாள் அத்தை, பரிமாறிக்கொண்டே, தலை நிமிராமல். "உங்க அண்ணனோடது. நீ என் பக்கத்துல வந்து உக்காரு."

அவன் சுற்றிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் தட்டில் சோறு போட்டாள், வேண்டுமா என்று யாரிடமும் கேட்காமல்.

போக வர வழியை மறிக்கிறதே என்று மனைவி அந்த ஜன்னலோர நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளப் பார்த்தாள். இலேசான மர நாற்காலிதான். அது நகரவில்லை.