உரிமப் பயிரும் தாபு அக்காவின் முதுகும்

எங்கள் மாள்வாப் பக்கத்தில் ஒருவனுக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் விசாரிப்பார்கள். அபின் பயிரிட அரசாங்க உரிமம் இருக்கிறதா, அந்த உரிமம் அவன் பேரிலேயே இருக்கிறதா, அடுத்த வருஷமும் இருக்குமா. குடிப்பானா, அடிப்பானா என்பதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணே தெரிந்துகொள்ள வேண்டிய சில்லறைச் செய்தி.

என் கணவர் ஓங்காரின் அண்ணன் நந்தராம் பாட்டிதார் இந்த மூன்றிலும் முதல் வகுப்பு. அரசாங்கம் தும்மினால் இவர் தன் மூக்கைத் துடைத்துக்கொள்வார். மூத்தார் முன்னால் நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். நேரே பேசவும் கூடாது. அதனால் சொல்ல வேண்டியதை வாசல் தூணிடம் சொல்வேன். அவரும் தூணுக்கே பதில் சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எங்கள் குடும்பத்திலேயே நிதானமான ஆள் அந்தத் தூண்தான்.

அவர் மனைவி தாபு, என் ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மார்பில் வந்த கட்டியை அறுத்து எடுத்து, இனி பயமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டிக்கு அந்த விவரம் தெரியவில்லை போலிருக்கிறது. தீபாவளி கழிந்து வயலில் விதை தூவிய சமயத்தில் முதுகெலும்பில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பயிர் வளர்ந்தது, வலியும் வளர்ந்தது. தை பிறந்து வயல் முழுக்க வெள்ளைப் பூ. இதழ் உதிர்ந்து, தலையில் கிரீடம் வைத்த பச்சைக் காய்கள் நின்றன. காளிக்குத் தேங்காய் உடைத்துக் கீறலைத் தொடங்கினோம். மதிய வெயிலில், நாலு ஊசி சேர்த்துக் கட்டிய கத்தியால் காயின் தோலை மட்டும் கீற வேண்டும். ஆழமாகப் போனால் பால் உள்பக்கம் வடிந்து கசகசாவும் கெடும். சரியாகக் கீறினால் பால் துளித்துளியாகக் கசிந்து, விடிவதற்குள் பழுப்பாக இறுகிவிடும். அதைக் காலையில் வழித்தெடுப்போம். வயலில் நாங்கள், பிள்ளை பெற்றவளைத் தாங்குவது போல, ஒவ்வொரு காயையும் மெல்லப் பிடித்து வழித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டு ஜன்னலிலிருந்து அக்காவின் முனகல் கேட்கும். அவளைத் தாங்கத்தான் ஆள் இல்லை. எல்லாக் கையும் காயில் இருந்தது.

கிளிக்கூட்டம் வேறு. காயைக் கொத்திக்கொண்டு போய் வேப்பமரத்தில் தின்றுவிட்டு, கண் சொக்கி உட்கார்ந்திருக்கும்.

"அதுங்களுக்கு எந்த டாக்டருடி சீட்டு எழுதிக் குடுத்தான்?" என்பாள் அக்கா. "என்னையும் தூக்கி அந்தக் கிளைல உக்கார வையி."

வலி பொறுக்க முடியாமல் போனபோது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. காய்ச்சல் மாத்திரையின் அண்ணன் தம்பிகளை எல்லாம் ஏற்கெனவே கொடுத்துப் பார்த்துவிட்டார்.

"மார்ஃபின்னு ஒரு மாத்திரை இருக்கும்மா. இந்த வலிக்கு அதுதான் கேக்கும். ஆனா எங்ககிட்ட அதை வச்சுக்க அனுமதி இல்லை" என்றார். "ஆபத்தான சரக்கு. பழக்கமாயிடும்னு பயப்படறாங்க."

"பழக்கமாகற வரைக்கும் நான் இருப்பேனா டாக்டர் சாப்?" என்றாள் அக்கா. "அப்படின்னா நல்ல சேதிதான்."

மூத்தார் மெதுவாகக் கேட்டார். "அதை எதுலேர்ந்து சாப் எடுக்கறாங்க?"

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய வயல், காயும் பாலுமாக நின்றது. பதில் சொல்லும் சிரமத்தை வயலே எடுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தோம். அக்கா ஒரு கட்டிலில். எதிர்க் கட்டிலில் மூத்தார். அவர் கட்டிலுக்கு அடியில் அபின் பானை. அதைக் காவல் காப்பதற்காகவே அறுவடை முடியும்வரை அவர் அங்கேயே படுப்பார். ஊரே வந்து யோசனை சொல்லிவிட்டுப் போனது: அந்தப் பானையிலிருந்து கடுகளவு கிள்ளி நாக்கில் வை.

நானும் தூணிடம் சொன்னேன். "தூணே, கடுகளவு எடுத்தா யாருக்குத் தெரியப்போவுது? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

"முக்கியா தினம் வந்து எடை பாக்கறான்" என்றார் மூத்தார் தூணிடம். எங்கள் ஊர்ப் பயிரை எல்லாம் கண்காணிக்க அரசாங்கம் வைத்த ஆள்தான் முக்கியா. "குறைஞ்சா ஜெயிலு." பிறகு தூணைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு குடுத்தா வலி போகும், எவ்வளவு குடுத்தா மூச்சே போகும்னு எனக்குத் தெரியலையே. நான் கீறத்தான் படிச்சிருக்கேன்."

 

அக்கா கட்டிலிலிருந்தபடியே சொன்னாள். "விடுடி. இவரு ஜெயிலுக்குப் போயிட்டா சோறு கொண்டுபோறது யாரு? நானா நடந்து போவேன்?"

அரசாங்கம் அபினை வாங்கிக்கொள்ளும் நாள் வந்தது. ஓங்கார் டிராக்டரைக் கிளப்பினார். மூத்தார் பானையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். அப்போது அக்கா, "என்னையும் ஏத்துங்க" என்றாள்.

"அங்க உனக்கு என்ன வேலை?"

"பயிரை வழியனுப்ப வேணாமா? இத்தன நாளா ஒரே ரூம்ல குடியிருந்திருக்கோம்."

டிராக்டரின் பின்வண்டியில் வைக்கோல் பரப்பி, அவளைக் கட்டிலோடு ஏற்றினோம். ஒவ்வொரு குழிக்கும் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். போலீஸ், தராசு, நீண்ட வரிசை. அதிகாரி ஒவ்வொரு பானையிலும் விரலை விட்டு, எடுத்து உருட்டி, முகர்ந்து, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தபோது ஓங்காரும் நானும் அக்காவைக் கட்டிலோடு இறக்கி, அவள் கேட்டபடி, தராசுக்குப் பக்கத்திலேயே வைத்தோம்.

"என்ன இது?" என்றார் அதிகாரி.

"சாப், இந்தச் சரக்கு எங்க போவுது?" என்றாள் அக்கா.

"தொழிற்சாலைக்கு. மருந்து எடுப்பாங்க."

"மருந்து யாருக்கு?"

"நோயாளிங்களுக்குத்தான்."

"அதான் ரெண்டையும் ஒரே வண்டில கொண்டுவந்துட்டேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "இது எடை போடற இடம்மா. ஆஸ்பத்திரி இல்லை."

"ஆஸ்பத்திரிக்குப் போனா இது இல்லைங்கறாங்க. இது இருக்கற இடத்துக்கு வந்தா ஆஸ்பத்திரி இல்லைங்கறீங்க. நடுவழில எங்கயாவது படுத்துக்கட்டுமா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மூத்தார் வேர்த்துக் கொட்டி அவள் கட்டிலைப் பிடித்து இழுத்தார். "தாபு, வேணாம், வா... உரிமத்துல கை வச்சுடுவாங்க..."

அந்த மைதானத்தில் தூண் எதுவும் இல்லை. முக்காட்டை மேலே தள்ளிவிட்டு நேராகவே சொன்னேன்: "மூத்தாரே, கொஞ்சம் வாயை மூடுங்க."

அவர் மூடினார். நான் சொன்னதாலா, என் முகத்தை முதல் தடவை பார்த்த அதிர்ச்சியிலா, தெரியாது.

அதிகாரி விரலில் ஒட்டிய அபினை வழித்துத் திரும்பப் பானையிலேயே போட்டார், அரசாங்கச் சொத்து. எழுந்து பந்தலுக்குப் பின்னால் போய் ஃபோனில் யாரிடமோ கத்தினார். அடுத்து வேறு யாரிடமோ கெஞ்சினார். திரும்பி வந்து, "இந்தூர்ல ஒரு டாக்டரம்மா வலிக்குன்னே தனியா ஆஸ்பத்திரி வச்சிருக்காங்க. அனுமதியும் இருக்கு. சொல்லிட்டேன், இன்னைக்கே போங்க" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருங்க சாப். இப்ப பானையைப் பாருங்க, பாவம், காத்துக்கிட்டிருக்கு."

இந்தூர் டாக்டரம்மா கொடுத்தது வெள்ளையாக ஒரு குட்டி மாத்திரை. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா இந்த மனுஷன் கட்டிலை விட்டு இறங்காம காவல் காத்தாரு?"

"பானைலேர்ந்து கிள்ளிக் குடுக்காததே நல்லதாப் போச்சு" என்றார் டாக்டரம்மா. "ஒரு வயல் பால் மாதிரி இன்னொண்ணு இருக்காது. மழை பெஞ்சா ஒண்ணு, வெயில் அடிச்சா ஒண்ணு. அதுல மார்ஃபின் மட்டுமா, இருமலை அடக்கற சரக்கு, இன்னும் என்னென்னவோ கலந்து கிடக்கு. இதுல எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியும். அதனால கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் குடுப்பேன்."

மூத்தார் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயந்தாங்கொள்ளித்தனம் சில சமயம் அறிவு மாதிரியே வேலை செய்துவிடுகிறது.

சில நாளில் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பருப்பில் சுட்ட கோதுமை உருண்டையைப் பிசைந்து சாப்பிட்டாள். "எப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா ஃபோனில் கேட்டதற்கு, "வலி போச்சு, வெளிக்குத்தான் போகலை" என்றாள். அதற்கும் ஒரு மருந்து வந்தது.

சித்திரையில் எங்கள் அபினின் சோதனை முடிவும் வந்தது. பூத்த சமயம் பெய்த மழையில் எங்கள் பாலில் வீரியம் குறைவாம். அடுத்த வருஷம் காயைக் கீறக் கூடாது; முழுசாக வெட்டி ஒப்படைக்கும் கீழ்ச்சாதி உரிமம்தான். ஊர்ப் பெண்கள் வரிசையாகத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அக்காவுக்குப் புற்று என்றபோதுகூட இவ்வளவு பேர் வரவில்லை. அவளே உட்கார்ந்து எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னாள். "நல்ல வயசுல போயிடுச்சு" என்று உரிமத்துக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முழுக்க அக்காவும் மூத்தாரும் பகலில் சோபட் என்ற தாய ஆட்டம் ஆடினார்கள். அவள் காயை நகர்த்தி ஏமாற்றுவாள். அவர் கண்டுபிடித்துச் சண்டை போடுவார். கல்யாணமான காலத்திலிருந்து அவர்கள் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் பேசி நான் பார்த்தது அப்போதுதான். ஆவணி மாத மதியம் ஒன்றில், தோற்கப்போகிற ஆட்டத்தைப் பாதியில் விட்டு, தூங்குகிறேன் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. முகம் சுளிக்காமல் கிடந்தாள்.

காரியம் முடிந்து, மீந்த மாத்திரைகளை ஒப்படைக்க மூத்தார் இந்தூர் கிளம்பினார். முந்தின நாள் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து, மனைவிக்கு வாயில் புற்று, அந்த டாக்டரம்மாவிடம் எப்படிப் போவது என்று கேட்டிருந்தார். மூத்தார் வழி சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி இருவரையும் தன்னோடு கூட்டிக்கொண்டே போனார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அந்த அம்மாளுக்கு விட்டுக்கொடுத்தார் என்று, பஸ் ஏற்றிவிட்டு வந்த ஓங்கார் சொன்னார். நான் நம்பவில்லை.