சாகாத தபால்காரர்

வீடியோ கேம் உருவாக்கம் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அப்பா சொன்னார்: "படிக்கிற நேரத்துல விளையாடாதன்னு அடிச்சேன். இப்ப விளையாட்டையே படிக்கிறான். ஒரு வருஷம் தவறினாலும் பேசாம லேத் பட்டறைக்கு வந்துடணும், சொல்லிட்டேன்."

மூன்றாம் வருட புராஜெக்டுக்கு எங்கள் அணியில் இரண்டே பேர். படம் வரைவது பென்சில். உடம்பும் வேலையும் அப்படி என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். புரோகிராம் எழுதுவது நான். தபால்காரர் ஒருவர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏறிக் கடிதம் கொடுக்கும் கேம். நாய் கடித்தால் சாவார், மாடியிலிருந்து விழுந்தாலும் சாவார்.

துறைத்தலைவர் கேம் வடிவமைப்பைப் பற்றி இரண்டு பாடநூல்கள் எழுதியவர். கேம் ஆடியதில்லை. கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடிப்பார், முதல் நிமிடத்திலேயே செத்துப்போவார், அந்தக் கடுப்பில் மதிப்பெண்ணைக் குறைப்பார். அதனால் அவர் ஆடும்போது மட்டும் சாவை அணைத்து வைப்பது எல்லா அணிகளுக்கும் வழக்கம். நாங்களும் அணைத்தோம்.

நான் கோட்டைவிட்டது வேறு இடத்தில். மூன்றாம் மாடியில் ஒரு சுவருக்குப் படம் இருந்தது, திடம் இல்லை. துறைத்தலைவர் நேராக அதற்குள் புகுந்து வெளியே போனார். கட்டடத்துக்கு வெளியே நான் தரையே போடவில்லை. சாவும் அணைந்திருந்தது. தபால்காரர் விழுந்தார், விழுந்துகொண்டே இருந்தார். பதினோரு நிமிடம். பென்சில் என் காலை மிதித்தாள்.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையில கடிதம் இருக்கு. போய்ச் சேர இடம் இல்ல. அடடா, மனுஷ வாழ்க்கையே இதுதானப்பா! யாரு யோசனை?"

"ரெண்டு பேரோடதும் சார்," என்றாள் பென்சில், கண் இமைக்காமல்.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எங்களுக்கு. அன்று மாலையே நான் அந்தச் சுவருக்குத் 'திடம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுச் சரிசெய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

இறுதி மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். துறைத்தலைவர் கன்ட்ரோலரை அவர் கையிலிருந்து பிடுங்கினார். "நான் காட்டுறேன் சார். ஆடிப்போயிடுவீங்க."

தபால்காரர் சுவரில் முட்டினார். பின்வாங்கி மறுபடி முட்டினார். தேர்வாளர் கொட்டாவி விட்டார்.

"எங்கப்பா வீழ்ச்சி?"

"அது தப்பு சார். சரிபண்ணிட்டேன்."

"தத்துவத்தைச் சரிபண்ணிட்டியா? நான் அதப்பத்திக் கட்டுரையே எழுதி அனுப்பிட்டேனே!"

ஒப்புதல் பெற்ற வடிவமைப்பை அனுமதியின்றி மாற்றியதற்காக இருவருக்கும் தோல்வி. ஒரு வாரத்துக்குள் பழையபடி ஆக்கி, வீழ்ச்சி திட்டமிட்டதுதான் என்று தனித்தனியே எழுதிக் கொடுத்தால் தேர்ச்சி.

பென்சில் என்னைப் படிக்கட்டில் மடக்கினாள். "டேய், ஒரு டிக்க எடுத்துவிடு. அஞ்சு செகண்ட் வேலை."

"அது ஓட்டை."

"உனக்கு ஓட்டை, அவருக்குத் தத்துவம், எனக்கு டிகிரி. உனக்கு மட்டும் எங்கடா வலிக்குது?"

"சுவர்னா நிக்கணும்."

"நீ கொத்தனார் வேலைக்குப் போயிருக்கணும். என் உயிர வாங்க இங்க வந்திருக்க."

அவளே தன் கணினியில் அந்த டிக்கை எடுத்தாள். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துத் தேறினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

வாரம் முடிந்தது. அலுவலக ஜன்னலில் விலகல் படிவம் வாங்கினேன். காரணம் கேட்ட கட்டத்தில் 'சுவரைச் சரிசெய்தேன்' என்று எழுதி நீட்டினேன்.

எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, கட்டட ரிப்பேருக்கு வேற ஃபாரம்."

"கேம்ல இருக்கிற சுவர் சார்."

"கேம்லயா?" என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். என் வரியை அடித்துவிட்டு மேலே 'படிப்பில் ஆர்வமின்மை' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். "இப்படிப் போட்டாத்தான் கம்ப்யூட்டர் ஏத்துக்கும். கையெழுத்துப் போடு."

போட்டேன்.