வீப்ரனின் கேன்டீன் முறை

ஏழு நாடு, பதினோரு கிளப், இருநூற்றுச் சொச்சம் கோல். துருக்கியில் தோளில் தூக்கி ஆடினார்கள். கொரியாவில் அவன் முகம் போட்ட குடை விற்றது. எல்லாம் இருந்து என்ன பிரயோசனம்? பிறந்த ஊரின் நீலச் சட்டையில் வீப்ரன் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பதினைந்து வயதில் ஊரைவிட்டுப் போனவன் இந்த வருஷம்தான் திரும்பியிருக்கிறான்; வயது முப்பத்தெட்டு. திங்கட்கிழமை முழங்காலில் அறுவை சிகிச்சை. அப்புறம் பந்தைத் தொடவே கூடாதாம். மிச்சம் இந்தச் சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுதான், அதுவும் பக்கத்து ஊர்க்காரனோடு.

வாசலிலேயே மறித்தாள் அக்கா மிங்கெ. கிளப் கேன்டீன் அவள் ராஜ்ஜியம்.

"மார்ச்ல உன் முறை. ஏன்டா வரல?"

"ஷூ விளம்பரத்துக்குப் போயிட்டேன்க்கா..."

"டாக்டரே வந்து கோப்பை கழுவுறாரு. பாதிரியார் பீர் ஊத்துறாரு. துரைக்கு மட்டும் வலிக்குதோ? முறை முடிக்காதவன் ஆட முடியாது. ஏப்ரனைக் கட்டு!"

பயிற்சியாளர் டௌவ வானத்தைப் பார்த்துக்கொண்டார். மிங்கெயிடம் வாயைக் கொடுத்து யார் மீண்டார்கள்?

முதல் பாதி முழுக்க இறைச்சி வைத்த கிரோக்கெட் உருண்டைகளைப் பொரித்தான் வீப்ரன். கோல் எதுவும் விழவில்லை. இடைவேளையில் வந்த வரிசை, ஆட்டம் மறுபடி தொடங்கியும் குறையவில்லை. எல்லாம் பக்கத்து ஊர் முகங்கள். தின்றவனே திரும்ப வந்து நின்றான்.

"குடைக்காரரே, இன்னும் ரெண்டு! கடுகுச் சாஸ் கொஞ்சம் கூட!"

எழுபதாவது நிமிடம். எழுபத்தைந்து. அவ்வளவுதான், போச்சு என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மிங்கெ வரிசையை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓகோ, உன்னை ஆடவிடாம இங்கயே பிடிச்சு வைக்கத்தானா இந்த வரிசை!" முப்பது வருஷத்தில் ஆட்டத்தின் நடுவே மூடாத ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். "கிரோக்கெட் தீந்து போச்சு!"

அவள் காலடியில் இரண்டு பெட்டி நிறைய இருந்தது.

"முறை முடிஞ்சுது. ஓடுடா!"

எண்பத்தெட்டாவது நிமிடம் மூலையிலிருந்து பந்து வந்தது. எண்ணெய் வாடையோடு எகிறி, தலையால் முட்டினான். கோல்! ஊரே கத்தியது. வீப்ரன் நொண்டிக்கொண்டே நேராக கேன்டீனுக்கு ஓடி ஜன்னலைத் தட்டினான்.

"அக்கா, பாத்தியா?"

"எங்கடா பாத்தேன்? பெட்டிய ஒளிச்சு வச்சிட்டிருந்தேன்!" சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது. ஜன்னல் திறந்தது. தோற்ற முகங்கள் மறுபடி வரிசைக்கு வந்தபோது, நீலச் சட்டைமேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றான் வீப்ரன். இருநூற்றுச் சொச்சம் கோலில் இப்படியொரு சந்தோஷம் அவனுக்கு வந்ததே இல்லை.

"வாங்கண்ணே! கடுகு கொஞ்சம் கூட வைக்கட்டுமா?"